அப்பாவின் மெட்டும் சோவாவின் ஆடும்

வூச் நகரம், செப்டம்பர் 19

அன்பு மகள் யகோதாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது, மற்றபடி இருவரும் நலம். வான்கூவரின் ஈரம் உன்னையும் மாப்பிள்ளை காலினையும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இன்று காலை உறுதியான செய்தி, அப்பாவின் எண்பதாம் வயது இசை நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி அச்சாகிவிட்டது, அதில் அப்பாவின் பெயருக்குக் கீழே நம் கீழ்வீட்டு சோவாவின் பெயரும் இருக்கிறது. சொன்னவள் இசைக்குழுவை நடத்தும் கலினா. நம்பிக்கை வராமல் நானே அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தேன், மை கையில் ஒட்டியது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

காலினுக்கு நீதான் விளக்க வேண்டும். நம் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் போட்டால் கதாநாயகன், கதாநாயகி, பாட்டி, போலீஸ்காரர் எல்லாருடைய வசனத்தையும் ஒரே ஆள், ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் வரும் நேரத்தை அறிவிப்பது போலப் படத்தின் மேலேயே வாசித்துவிடுவார் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார், ஆனாலும் சொல். 'உப்புப் படகு' செக் நாட்டுக்காரர்கள் எடுத்த படம், அப்பா இசை மட்டும் போட்டார். அதனால் இங்கே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அது அப்படி வாசிக்கும் சோவாவின் குரலோடுதான் வருகிறது. விதவை மார்த்தாவும் படகோட்டியும் துறையில் நிற்கும் இடத்தில் அப்பா தன் வாழ்நாளின் மிக நல்ல மெட்டை வைத்தார், அதன் மேல் சோவா, "மார்த்தா, ஆட்டைக் கட்டிட்டியா? கட்டிட்டேன். கயிறு நல்லா இருக்கா? இருக்கு" என்று வாசித்துவைத்தார். அன்றிலிருந்து இந்த நாட்டில் அந்த மெட்டு வேறு, ஆடு வேறு இல்லை. உன் கல்யாணத்தில் வயலின்காரர் அதை எடுத்ததும் உன் அத்தை கிரிஸ்டினா மேசைக்கு மேசை போய், "கயிறு நல்லா இருக்கா?" என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டதும், அப்பா எழுந்து வெளியே போனதும் உனக்கு நினைவிருக்கும்.

அவர் கோபத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். திரைப்படப் பள்ளி மாணவர்களுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கியது முதல் அவர் இசை எப்போதும் எதற்கோ அடியில்தான் இருந்திருக்கிறது. கூட்டுப்பண்ணைப் படத்தில் டிராக்டருக்கு அடியில், போர்ப்படத்தில் பீரங்கிக்கு அடியில், துப்பறியும் தொடரில் மழைக்கு அடியில். ஒரு தடவையாவது மேலே எதுவும் இல்லாமல் அது கேட்க வேண்டும் என்பதுதான் இந்த நிகழ்ச்சியில் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

செப்டம்பர் முதல் தேதி அப்பாவின் பெயர்நாள், அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை விரட்டுவதுமில்லை என்பதால் சோவா வழக்கம்போல டாலியா பூக்களோடு வந்து உட்கார்ந்தார், அப்பா வழக்கம்போல அவருக்கு மட்டும் ஹெர்ரிங் மீனின் வால் துண்டை வைத்தார். கலினாவும் வந்திருந்தாள். கசகசா கேக்கை வெட்டும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள். ஒத்திகையில் அந்த மெட்டை வாசித்தபோது கொம்பு வாசிப்பவர் வாயிலிருந்து கொம்பை எடுத்துவிட்டு, தன்னை அறியாமலே "கட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டாராம், குழுவே சிரித்து வாசிப்பு நின்றுவிட்டதாம். அரங்கத்தில் ஆயிரம் பேர் அதையே சொல்லப்போகிறார்கள், "அதுக்குப் பதிலா சோவா சாரையே மேடையில ஏத்தி முறையா வாசிக்க வெச்சிடலாமே மாஸ்டர்" என்றாள். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "நான் செத்த பிறகு என் பெட்டி மேல ஏறி நின்னு வாசிக்கச் சொல்லு. அதுவரைக்கும் மெட்டும் கிடையாது, விழாவும் கிடையாது" என்றார். சோவா, "எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் வேலை இருக்கு மாஸ்டர்" என்று சொல்லி இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு விடும் பழக்கம் எனக்கு இல்லை, மறுநாள் கீழே போனேன். சோவா தேநீர் கொடுத்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காததால் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்தக் காட்சியின் கடைசியில் மார்த்தா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாளே, மெட்டு தனியாக உயர்ந்து போகுமே, ஊரெல்லாம் அழுமே, அங்கேயும் அவருக்கு ஒரு வரி இருந்ததாம். "மாஸ்டரோட மெட்டு அங்க ஏறிடுச்சு மேடம். வாயைத் திறக்க மனசு வரல. விட்டுட்டேன். மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றார். என்ன வரி என்று கேட்டேன். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே, "ஐயையோ, ஆடு அவுத்துக்கிச்சு" என்றார்.

இதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிராகிலிருக்கும் என் பழைய சகா வேராவிடம் செக் மொழி அசல் படத்தைப் போட்டுக் கேட்கச் சொன்னேன். சால்வைக்குள்ளிருந்து மார்த்தா ஆட்டைத்தான் சொல்கிறாள், உறுதி. இசை போட அப்பாவுக்கு ஒலியில்லாத பிரதியைத்தான் அனுப்பியிருந்தார்கள். அவளுடைய மௌனத் துயரத்துக்கென்றே அவர் அந்த உச்சத்தை எழுதினார், நாடும் அந்த மௌனத்துக்காகத்தான் அழுதுகொண்டிருக்கிறது. மெட்டில் ஜனங்கள் முணுமுணுப்பதும் அந்த இடத்தைத்தான், ஏனென்றால் சோவா வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே இடம் அது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு ஊறுகாய் வெள்ளரிக்காயைத் தின்று முடித்தார். பிறகு, "அப்போ மத்த இடத்துலயும் மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே" என்றார். காலையில் பார்த்தால் பியானோ முன்னால் உட்கார்ந்து இசைத்தாளில் சோவாவுக்கென்று ஒரு தனி வரிசை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். இப்போது தினமும் பயிற்சி நடக்கிறது. சோவாவுக்கு இசைக்குறி தெரியாது, அதனால் அப்பா சூப் கரண்டியால் தாளம் காட்டுகிறார். "யோவ், கயிறுக்கு முன்னாடி மூச்சு விடு, புல்லாங்குழல் முடியட்டும்" என்று அவர் கத்துவதும், "இத்தனை வருஷம் மூச்சு விடாமதானே மாஸ்டர் வாசிச்சேன்" என்று இவர் பதில் சொல்வதும் மாடி வரை கேட்கிறது. நேற்று ஹெர்ரிங்கின் நடுத்துண்டு கீழே போனது, நான்தான் எடுத்துப் போனேன்.

நீ குளிர்காலச் சட்டையை இப்போதே வெளியே எடுத்துக் காயவை. கடைச் சூப்பை நம்பி இருக்காதே, புளிக்கவைத்த ரை தானிய மாவில் நீயே வை. அக்டோபர் பதினொன்றாம் தேதி நிகழ்ச்சிக்கு வர விமானச்சீட்டு வாங்கிவிட்டாயா என்று எழுது, காலினுக்குச் சால்வை வரும் இடத்தில் அழ வேண்டும் என்று சொல்லிக்கொடு, ஏன் என்று சொல்லாதே. கடவுள் உங்கள் இருவரையும் சளி, கடன், வீண் சண்டை மூன்றிலிருந்தும் காப்பாற்றட்டும்.

முடியாமல் நிற்பது ஒன்றுதான். மேடை உறுதியானதும் சோவா அந்த விட்டுப்போன வரியையும் படிக்க வேண்டும் என்கிறார். "அந்த ஆடு இத்தனை வருஷமா என் தொண்டையிலயே நிக்குது மாஸ்டர், ஒரே தடவை வெளிய விட்டுடறேனே" என்று கெஞ்சுகிறார். கரண்டியை வீசுவார் என்று நினைத்தேன், அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இசைத்தாளில் அந்த இடத்தில் ஏதோ பென்சிலால் எழுதியிருக்கிறார், கேட்டால் கையால் மறைத்துக்கொள்கிறார். முழு ஒத்திகை வியாழக்கிழமை, அன்று தெரிந்துவிடும்.

உன் அன்பு அம்மா,
தியோதோரா