கதிரையை விட்டு எழும்பாதவள்

1999 ஜூலை 4, ஞாயிறு

நாடக விழாவுக்குப் பொறுப்பான முக்தார் சேர் ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆகஸ்ட் விடுமுறையில் இரத்தினபுரியில் ஞாயிறுதோறும் புதிய நாடகங்கள் போடுகிறார்கள். எல்லாம் சிங்களம், ஒன்றே ஒன்று தமிழ். அந்த ஒன்று என்னுடையது! எழுதியவளும் நான், நடிக்கப்போகிறவளும் நான்.

கேட்டதும் அம்மா சோற்றுப் பானையை டங்கென்று வைத்தாள். "காமன் கூத்துல ரதி வேஷத்தக்கூட ஆம்பளதான் கட்டுறான். கொழுந்து பறிக்கிற ஒனக்கு என்னாடி மேட?"

நடித்துத்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 11

ரதி வேஷம் கட்டும் கன்னையா மாமாவையே நாடகத்தில் தோட்டத்துத் துரையாகப் போட்டுவிட்டேன். மாசிக் கூத்தில் அவர் அழுதால் எங்கள் லயத்து வீடுகளே அழும். கொழுந்துக்காரி வேஷம் தனக்குத்தான் என்று நினைத்து வந்திருந்தார், பாவம். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். துரையின் தொப்பியைக் கையில் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார்.

கதை சின்னது. கொழுந்துக்காரி ஒருத்தி காய்ச்சலோடு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு மருந்துத் துண்டுச் சீட்டு வாங்க வருகிறாள். நிற்க முடியாமல் துரையின் கதிரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அவர் எழும்பச் சொல்கிறார். அவள் எழும்புவதில்லை. அவ்வளவுதான்.

போன வருஷம் அம்மா அந்த ஆபீஸ் வாசலில் நின்று நின்று விழுந்தாள். உள்ளே கதிரை காலியாகத்தான் இருந்தது. எனக்கு அது மறக்காது.

ஜூலை 18

பிள்ளை மடுவத்தில் ஒத்திகை. பிள்ளைகளின் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆரம்பித்தோம். "தொர வர்றாரு!" என்று நான் குரல் கொடுத்ததும் கன்னையா மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"மாமா, நீங்கதான் தொர!"

"பழக்கம் கலா. காலு தானா ஒதுங்குது."

சிரித்து வயிறு வலித்தது. பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 25

இன்றும் ஒதுங்கினார். "எழும்பு" என்பதற்கு "எழும்புங்க" என்கிறார்.

ஆகஸ்ட் 1

தொழிற்சங்கத் தலைவர் ராமச்சந்திரன் அண்ணன் வீடு தேடி வந்தார். விழாவுக்கு நம் துரையையும் அழைத்திருக்கிறார்களாம். முன்வரிசையாம். நாங்கள் போய்வர லொறி தருவதும் துரைதானாம்.

"கடைசியில அந்தப் பொம்பள எழும்பி மன்னிப்பு கேட்டுட்டா நல்லாருக்கும் தங்கச்சி. நாளைக்கும் அவருதான் நமக்கு வேல குடுக்கணும்."

எழும்பணுமாம்! மன்னிப்பு கேக்கணுமாம்! அம்மா விழுந்தப்ப யாரு வந்து மன்னிப்பு கேட்டா? — சரி, பயமில்லை என்று எழுதினால் அது பொய். லயத்து ஆட்களின் வயிற்றில் அடிப்பேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "விழுந்தது நானு. நீ எழும்பாத."

ஆகஸ்ட் 8

இரத்தினபுரிக்குப் போய் முதல் நாடகம் பார்த்தேன். மாணிக்கக் குழியில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. திரையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு விளக்கும் ஒரு கயிறும்தான். இப்படியும் செய்யலாமா? செய்கிறார்களே!

முடிவை மாற்றட்டுமா என்று முக்தார் சேரிடம் கேட்டேன். "மாத்தினா அது ஒங்கட நாடகம் இல்ல. ஆனா மேடைக்குத்தான் நான் பொறுப்பு. தோட்டத்துல என்னால வந்து நிக்க ஏலாது, யோசிச்சு செய்ங்க" என்றார். நேர்மையான மனிதர்.

யோசித்துவிட்டேன். மாற்றமாட்டேன்.

ஆகஸ்ட் 15

லொறி வந்துவிட்டது. எழும்பமாட்டேன்.

ஆகஸ்ட் 16

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

கன்னையா மாமா தொப்பியோடு மேடைக்கு வந்தார். உடனே பின்வரிசைகளில் சரசரவென்று சத்தம். பார்த்தால் எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் எழும்பி நிற்கிறார்கள். அம்மாவும்! வேஷம் போட்ட கன்னையாவுக்கு! டவுன் ஆட்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் துரையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஆட்கள் கூனிக் குறுகி உட்கார்ந்தார்கள். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. நாடகம் செத்தது என்றே நினைத்தேன்.

மாமாவும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "எழும்புடி!" என்று போட்டாரே ஒரு சத்தம், நிஜமாகவே பயந்துவிட்டேன். ஒத்திகையில் ஒரு நாளும் வராத குரல். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழும்பவில்லை. அவர் மறுபடி கத்தினார், மறுபடி. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அப்போது துரை எழுந்தார். நாடகம் முடிவதற்கு முன்பே, நடுவழியாக, எங்கள் ஆட்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்.

ஒருவரும் எழும்பவில்லை. மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை.

வெளியே வந்தால் லொறியைக் காணோம். ஆளுக்கு ஆள் சில்லறை போட்டு பஸ்ஸில் வந்தோம். வழி நெடுக மாமா தொப்பியைக் கழற்றவே இல்லை. தலைவர் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் எங்களோடு பஸ்ஸில்தான் வந்தார்.

ஆகஸ்ட் 17

தண்டனையாக என்னை அட்டைக்கடி மலைக்கு வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். போடட்டும். அங்கேயும் கொழுந்துதானே.

ஆகஸ்ட் 20

முக்தார் சேர் தகவல் அனுப்பியிருக்கிறார். நாடகத்தைக் கேகாலையிலும் கேட்கிறார்களாம்.

அம்மா இன்று மருந்துத் துண்டு வாங்க ஆபீசுக்குப் போய் வந்தாள்.

"ரொம்ப நேரம் நின்னியாம்மா?"

"நிக்கல. வாசப்படியில ஒக்காந்துகிட்டேன்."

"தொர வந்தாரா?"

"வந்தாரு, போனாரு" என்று சொல்லிவிட்டு அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.