முதல் பெயர் உன்னுடையது

வெல்டர் மேடத்துக்கு,

சோறும் முட்டைப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு.

நேற்று, "பொண்டாட்டி விசாவுல தொத்திக்கிட்டு வரமாட்டேன்"னு நான் குதித்தேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவப் போனாய். அதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் விசா விதிப்படி வயது, படிப்பு, வேலை என்று இரண்டு பேருக்கும் புள்ளி போட்டுப் பார்த்தேன். அறுபத்தைந்து இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். உனக்கு எண்பத்தைந்து, எனக்கு ஐம்பது. நாம் போக நினைக்கும் நாட்டுக்கு வெல்டர்தான் வேண்டுமாம், வரலாற்று வாத்தியார் வேண்டாமாம். நான் ரோஷம் பார்த்தால் இரண்டு பேரும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால் படிவத்தில் உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன். 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டாயிற்று. பென்சிலால் குறித்த இடத்தில் நீயும் போடு. நாலு மணிக்கு ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து வாங்கிக்கொள்வாள்.

கத்தியதற்கு மன்னித்துவிடு.

பி.கு.: அம்மா போன் செய்தார். "அவதாம்மா என்னைக் கூட்டிட்டுப் போறா" என்றேன். "நல்லதாப் போச்சு, நீ தனியா போனா ஏர்போர்ட்டையே தாண்டமாட்டே" என்றார். இதைப் படித்து நீ சிரிக்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், பக்கத்தில் இல்லையே என்றுதான் வருத்தம்.