ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள்

நியூஃபவுண்ட்லாந்து,
அக்டோபர் 14.

அன்புத் தம்பி சைலஸுக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன் ஆம்புரோஸ். ஆமாம், நானேதான். உன் அண்ணி துருசிலா எழுதித் தரவில்லை; அவள் மீன் வறுத்துக்கொண்டிருக்கிறாள். நீ பள்ளிக்கூடம் போனாய், நான் அப்பாவுடன் படகுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயதுவரை கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவன் எழுதுகிறேன் பார்! இவ்வளவு எழுதுவதற்குள் ஒரு கெட்டில் தேநீர் காலி. சந்தோஷம் தாங்கவில்லையடா.

நூலகத்தில் மிஸஸ் பார்டி சொல்லித் தருகிறார். இரண்டு மாதமாக நோட்டில் கோடுகள் வளைந்து தெரிந்தன. சொல்லின் நடுவெழுத்து மட்டும் அழித்துவிட்டதுபோல் இருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பொறுக்காமல், மட்டமான நோட்டு என்று கடைக்காரரைத் திட்டினேன். மிஸஸ் பார்டி வாங்கிப் பார்த்து, "கோடெல்லாம் நேராத்தான் இருக்கு ஆம்புரோஸ். மொதல்ல கண்ணைக் காட்டுங்க" என்றார். "நோட்டு, கடைக்காரன்னு ஊரையே திட்டு, உன் கண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லாதே" என்று துருசிலா கேலி செய்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் கேலி பேசுவதில்லை.

வலது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி கெடுகிறதாம். அதன் அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றனவாம். மாதம் ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி. "போன பார்வை திரும்பும்னு உறுதியாச் சொல்ல முடியாது பெரியவரே. இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம்" என்றாள் அந்த டாக்டர் பெண். வியாழக்கிழமை முதல் ஊசி. மரத்துப்போக மருந்து விடுவார்களாம். இருந்தாலும், பனிக்கட்டிகளுக்கு நடுவே படகு கவிழ்ந்த அன்றுகூட நான் இப்படி நடுங்கவில்லை. படிக்கக் கற்று ஒன்பது மாதம்தான் ஆகிறது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. போன மாதம் தொலைபேசியில், "ரோட்டு நடுக்கோடு பாம்பு மாதிரி நெளியுதுண்ணே, லாரிக்கும் வயசாயிடுச்சு" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா கடைசிக் காலத்தில் நம் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுவாரே, நினைவிருக்கிறதா? வயது என்று விட்டுவிட்டோம். இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம், நாள் கடத்தினால் ஊசியாலும் பயன் இருக்காது என்கிறாள் டாக்டர்.

வீட்டில் தினமும் பார்த்துக்கொள்ள எனக்குக் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். அதேபோல் உனக்கும் ஒன்று போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார். பிறகு மற்றக் கண்ணாலும் பார்.

கோடு வளைந்து தெரிந்தால், அண்ணனுக்குக் கை நடுக்கம் என்று தப்பிக்காதே. ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன். துருசிலா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள். லாரிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடு, என் ராசா.

கடவுள் உன் கண்மேல் கை வைத்துக் காக்கட்டும். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. அதை நானே படிக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ஆம்புரோஸ்