மேஜைக்கு அடியில் போட்ட முடிச்சு

நம் பிள்ளை ஹஸ்ஸானின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நான் வேலைப் பேச்செடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த வயர் கூடையின் அடியில் கடிதம்.

கூடை நன்றாக இருக்கிறதா? பின்னியது நான். சனி, ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடமும் உங்களைப் பெற்ற மாமியிடமும் சொன்னது பொய். ஊர் ஊராகக் கைவினைச் சந்தையில் கடை போடுகிறேன். நீங்கள் கூடாது என்ற அதே வேலைதான்.

போன ஞாயிறு பெரம்பலூரில், என் கடைக்கே மாமி வந்துவிட்டார்கள். சட்டென்று மேஜைக்கு அடியில், விரிப்புக்குள் புகுந்துகொண்டேன். பக்கத்துக் கடை வேம்பு அக்காதான் சமாளித்தார். மாமி இந்தக் கூடையை எடுத்தார்கள்.

“கைப்பிடி நீளமா இருக்கு. கொறச்சுக் கட்டிக் குடுங்க, நிக்கிறேன்.”

வேம்பு அக்காவுக்குப் பின்னத் தெரியாது. கூடையை மெல்ல என் பக்கம் தள்ளினார். அடியில் உட்கார்ந்தபடியே பிரித்துக் கட்டினேன். மாமியின் செருப்பு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அது அசையவே இல்லை.

கட்டி நீட்டியபோது என் கை விரிப்பைத் தாண்டிவிட்டது. நீங்கள் போட்ட மோதிரம் இருக்கும் கை. மாமி காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாளாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. இன்று காலை உங்களுக்கு அனுப்ப, அதே கூடையில் மாமி முறுக்கும் ஊறுகாயும் அடுக்கி என்னிடம் தந்தார்கள்.

“நீயே இறுக்கிக் கட்டும்மா. நீ போட்ட முடிச்சு அவுழாது.”

உங்களிடம் என்ன சொல்வார்களோ, தெரியாது. சனிக்கிழமை ஜெயங்கொண்டத்தில் சந்தை. மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். நாற்காலியில்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா