சான்றிதழ் இல்லாத இருவர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சுற்றுலாத் துறையிலிருந்து நீ அனுப்பிய பலகையை என் விடுதி வாசலில் மாட்டிவிட்டேன். ‘இது புனித மலை மண்டலம். திருமணச் சான்றிதழ் இல்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறை கிடையாது.’ விதியை எழுதியவன் என் தம்பி என்று பெருமையடித்துக்கொண்டுதான் திரிகிறேன்.

ஆனால் மனசு சரியில்லையடா. நேற்று மழையில் நனைந்தபடி ஒரு ஜோடி வந்தது. மலையில் பிரார்த்திக்க வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். சான்றிதழ் இல்லை, என்னிடம் ஒரே அறைதான் காலி. அனுப்பிவிட்டேன். வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதும் வழிபாடுதான் என்பாரே அப்பா, அதற்கு உன் கொள்கையில் ஒரு வரிகூட இல்லையா?

அக்கா

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

உனக்கு எப்போதுமே இளகிய மனசு. கடற்கரை ஊர்கள் போன போக்கில் நம் மலையும் போகக் கூடாது. காசுக்காக அல்ல, நம்பிக்கைக்காக எழுதிய விதி இது. ஒருவரை விட்டால் ஊரே வரிசையில் நிற்கும். விடுதியைச் சோதிக்க ஆய்வாளர் வந்தால் தயவுசெய்து என் பெயரை இழுக்காதே.

அப்பாவும் அம்மாவும் மலைக்கு வர ஆசைப்படுகிறார்கள். உன்னிடம் அனுப்புகிறேன். அம்மாவுக்கு ஞாபகம் இன்னும் மங்கிவிட்டது. அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் பயந்துவிடுகிறாள், பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

அவர்கள் வந்த மறுநாளே ஆய்வாளரும் வந்தார். அறைக்குள் இருவரையும் பார்த்துவிட்டு, “பெரியவரே, சான்றிதழ் எங்க?” என்றார்.

அப்பா சிரித்தார். “எங்க காலத்துல யாருங்க பதிவு பண்ணாங்க? சொந்தக்காரங்க முன்னாடி நடந்த கல்யாணம்.”

“சாட்சி யாராவது இருக்காங்களா?”

“எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. இவ ஒருத்திதான் மிச்சம். இவளுக்கு ஞாபகம் இல்ல.”

நான் மகள் என்றேன். அது செல்லாதாம். உன் பெயரைச் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே நடந்தேன். அப்பா தலையணையை எடுத்துக்கொண்டு தானாகவே அடுத்த அறைக்குப் போனார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவர்களிடம் சான்றிதழ் இல்லையென்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பலகையைக் கழற்றி, உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டேன். இனி இது விடுதி இல்லை, என் வீடு. பிழைப்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் இங்கேயே ஒரே அறையில் இருப்பார்கள். மழையில் நான் அனுப்பிய அந்தப் பெண்ணை மட்டும் எங்கே போய்த் தேடுவேன்?

உனக்கும் இங்கே இடம் உண்டு. ஆனால் இப்போது வராதே. “பதிவு பண்ணாம விட்டது என் தப்புதான். பையன் வேலைக்கு ஏதும் ஆயிடாதே?” என்று அப்பா தினமும் கேட்கிறார். நீ வந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பார். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அக்கா