குளம் நிரம்புவதற்குள்

புரட்டாசி 7, ஞாயிறு

நல்ல வெயில். காலையில் அல்ஜீப்ரா ஒரு பயிற்சி முடித்தேன். மாலையில் அப்பா விழுந்துவிட்டார்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவுக்கும் போஸ்ட்மாஸ்டர் மாமாவுக்கும் கோல்ஃப். திண்டுக்கல்லில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அப்பா வேலை பார்க்கும் தோல் கிடங்கில் முன்பு இருந்த வெள்ளைக்கார மானேஜர், ஊருக்குப் போகும்போது மட்டைப் பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மைதானம், வற்றிக் கிடக்கும் குளம். குழிக்குப் பதில் மண்ணில் புதைத்த பால் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு கொடி. நான் கொடி பிடிக்கிறவள்.

இன்று அப்பா கரைமேல் நின்று அடித்தார். அருமையான அடி. பந்து போகிற அழகை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். கரை முடிந்துவிட்டது. கீழே மடைக்கல்லில் விலா மோதி விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். அப்பா முதலில் கேட்டது, "ஆத்தா, பந்து எங்க விழுந்துச்சு?" அதற்கப்புறம் மூச்சு விடவே முடியவில்லை. மாமா வண்டி பிடித்து வந்தார்.

புரட்டாசி 8, திங்கள்

இரண்டு விலா எலும்பில் கீறல். மார்பைச் சுற்றிப் பிளாஸ்திரிக் கட்டு. ஆறு வாரத்துக்கு மட்டையைத் தொடக்கூடாது. இன்னும் கூடாதவை: சைக்கிள், குனிவது, தண்ணீர் இறைப்பது. சிரிப்பதும் கூடாது. இருமல், தும்மல் வந்தால் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாமல் அம்மா மிளகாய் வறுத்துவிட்டாள். பாவம் அப்பா. "ஏன்டி, என்னையக் கொல்லவா பாக்குற?" "அப்ப நான் சட்டியத் தூக்கிட்டு அடுத்த தெருவுலயா போயி வறுக்க?" அப்பாவுக்குத் தும்மலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்தேன். விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மிச்சம் இருபத்திரண்டு நல்லாத்தான இருக்கு, விடு" என்றார்.

புரட்டாசி 14, ஞாயிறு

உத்தரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

மாலை போஸ்ட்மாஸ்டர் மாமா வந்தார். காபியைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். ராமநாதபுரத்துக்கு மாற்றல். கார்த்திகை முதல் தேதி அங்கே இருக்க வேண்டும்.

இத்தனை வருஷத்தில் யார் அதிகம் ஜெயித்தது என்பதில் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதே இல்லை. அப்பா விரல் விட்டு எண்ணினார். "ஐப்பசி பத்தொம்பதோட ஆறு வாரம் முடியுது. நீங்க போறதுக்கு முந்தி ஒரு ஆட்டம் ஆடிருவோம். அதுல தெரிஞ்சுரும்ல."

"ஐப்பசியில குளம் எங்கண்ணே சும்மா கெடக்கும்? தண்ணி வந்துருமே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியென்றால் அதுவரை மழை பெய்யக்கூடாது. எழுதுவதற்கே பயமாக இருக்கிறது. ஆனால் என் மனசு அதைத்தான் கேட்கிறது.

புரட்டாசி 18, வியாழன்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

காலைப் பிரேயரில் மழைக்காக எல்லாரும் சேர்ந்து வேண்டினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் மேரி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். "என்னடி, சத்தமே வரலை?" தொண்டை வலி என்றேன்.

ஊரே கேட்பதை ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றால் கடவுள் எதைக் கேட்பார்? நூலகத்தில் இதற்குப் புத்தகம் இருக்காது.

புரட்டாசி 24, புதன்

அப்பா இன்று கயிறு இல்லாமல் எழுந்தார்! அம்மா பார்க்காதபோது குடையைத் திருப்பிப் பிடித்துக் கொஞ்சமாக வீசிப் பார்த்தார். முகம் சுருங்கியது. உடனே குடையை மாட்டிவிட்டு, "சொல்லிராத" என்று ஜாடை. சொல்லவில்லை.

கிழக்கே சிறுமலை மேல் மேகம். வேடசந்தூர்ப் பக்கம் தூறல் என்று பால்காரர் சொன்னார். ஐப்பசி பத்தொன்பதுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்.

ஐப்பசி 2, வியாழன்

கொடிகள் இருக்கின்றனவா என்று பார்க்கக் குளத்துக்குப் போனேன். ஆடு மேய்க்கும் சின்னக்கா குளத்துக்குள் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு ஆடுகளுக்குக் காட்டினாள். பந்து முட்டை மாதிரி இருப்பதால் கோல்ஃப் அவளுக்கு முட்டை அடிக்கிற ஆட்டம்.

"ஏ புள்ள, ஒங்கப்பாரு முட்டை அடிக்க எப்ப வாராரு?"

"மழை வராம இருந்தா ரெண்டு வாரத்துல." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

சிரட்டை அப்படியே நின்றது. "வராம இருந்தாவா? நல்லாருக்குடி ஓம் பேச்சு! தண்ணி காட்ட மாட்டாம நேத்து ரெண்டு குட்டிய வித்துட்டு வந்து நிக்கிறேன் நான்." பிறகு கோபம் இல்லாமல், "நல்லாப் பெய்யணும்னு கும்புடு தாயி. அவுகளுக்கு அடிக்கிறதுக்கு வேற எடமா இல்ல?" என்றாள்.

வேறு இடம் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? தாய் ஆடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிரேயரில் வாயை மட்டும் அசைத்ததையும். "நானும் தெனம் வானத்தப் பாத்து, இப்ப வேணாம், இப்ப வேணாம்னுதான் ஆத்தா சொல்லிக்கிட்டிருக்கேன். நம்ம ரெண்டு பேராலதான் திண்டுக்கல்லே காயுது போல." சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "போதும், விட்டுருவோம்" என்றார்.

ஐப்பசி 3, வெள்ளி

பிரேயரில் சத்தமாக வேண்டினேன். மேரி: "தொண்டை சரியாப் போச்சாக்கும்? காது கிழியுதுடி."

மனசு லேசாக இருக்கிறது. வருத்தமாகவும் இருக்கிறது.

ஐப்பசி 9, வியாழன்

மழை! மத்தியானம் சரித்திர வகுப்பில் இருட்டியது, டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டார். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். தெரு முழுக்கக் குடம், அண்டா, சட்டி. அம்மா குழம்புச் சட்டியைக்கூட விடவில்லை. அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நனைத்துக்கொண்டார். "பெய்யட்டும்த்தா, பெய்யட்டும்" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை.

ஐப்பசி 12, ஞாயிறு

விடாமல் பெய்கிறது. வாய்க்கால் உடைந்த மாதிரித் தண்ணீர். டப்பாக்கள் எல்லாம் உள்ளே. ஒரே ஒரு கொடியின் நுனி மட்டும் தெரிகிறது. சின்னக்கா கரையில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஐப்பசி 20, திங்கள்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. அப்பா மெலிந்து தெரிகிறார். எலும்பு கூடிவிட்டது, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கே ஆரம்பிப்பது? குளம் ததும்புகிறது. மாமா வீட்டில் சாமான் கட்டுகிறார்கள்.

ஐப்பசி 26, ஞாயிறு

வெயிலும் குளிர்ந்த காற்றும். நாளை மறுநாள் மாமா புறப்படுகிறார்.

மாலை அவரே வந்து நின்றார். "குளம் போனா என்னண்ணே, கரை இருக்குல்ல? அக்கரைக்கு ஒரு அடி. யாரு பந்து கரையேறுதோ அவுகதான் ஜெயிச்சவுக." அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா முதலில் அடித்தார். நடுக்குளத்தில் விழுந்தது.

அப்பா இரண்டு தடவை வெறுமனே வீசிப் பார்த்தார். மூன்றாவது தடவை முழு வீச்சு. நான் பந்தைப் பார்க்கவில்லை, அப்பா முகத்தைத்தான் பார்த்தேன். சுருங்கவில்லை! பந்து போய்க்கொண்டே இருந்தது. அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தெறித்தது.

"நம்ம ரெண்டு பேரும் கரையேறல. ஆனா ஒங்க அடிதான் தூரம். நீங்கதான் ஜெயிச்சீங்கண்ணே" என்றார் மாமா.

"அது எப்படி? ஒரு அடியில ஆட்டம் முடிஞ்சுருமா? பந்து கெடக்குற எடத்துலேர்ந்துதான அடுத்த அடி."

"பந்து தண்ணிக்குள்ளல்ல கெடக்கு!"

"வத்தட்டும். சித்திரையில வாங்க. நாங்க தொட மாட்டோம், அது கெடக்குற எடத்துலயே கெடக்கட்டும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "லீவு எழுதிப் போட்டுட்டு வாரேண்ணே. கட்டாயம் வாரேன்."

பின்னாலிருந்து சின்னக்கா சத்தம். "சித்திரையிலயும் வத்தக் கூடாதுன்னுல்ல நான் கும்புடுவேன்!"

மூன்று பேரும் சிரித்தோம். அப்பாதான் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் கேட்டாள். "யாருடி ஜெயிச்சா?"

"ஆட்டம் இன்னும் முடியலைம்மா."