அப்பாவின் ஜாடையும் வினோத்ராஜின் கிளைகளும்

8 ஜூன் 2025

இன்றைய கூத்து: வேப்பெண்ணெய்.

எங்கள் கோம்பை நாய் வளர்ப்போர் இணைய மன்றத்தில் ஒச்சாண்டி அண்ணன் உண்ணிக்கு மருந்து கேட்டிருந்தார். அதே நேரம் தேனி ஜெபராணி அக்கா, குட்டி சோறு தின்ன மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவான், 'வேப்பெண்ணெய் கொஞ்சம் போதும், சரியாகிவிடும்' என்று போட்டிருக்கிறார். யாருக்குப் பதில் என்று சொல்லவில்லை. அக்கா அதைப் பால்சோற்றில் கலந்து வைத்துவிட்டார். மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போன குட்டி, அக்கா குரல் கேட்டாலே வெளியே வருவதில்லையாம்.

வினோத்ராஜ் உடனே போன் செய்தான். போடியில் ஏலக்காய்க் கடை. மன்றத்தை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொள்பவன்.

"அக்கா, இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். எல்லாரும் ஒரே வரிசையில எழுதுனா எந்தப் பதிலு எந்தக் கேள்விக்குன்னு யாருக்குத் தெரியும்? கிளையா மாத்துங்க. கேள்விக்குக் கீழ பதிலு, அந்தப் பதிலுக்குக் கீழ அதுக்குப் பதிலு."

நியாயம்தான். என் கஷ்டம் அவனுக்குத் தெரியாது.

9 ஜூன்

என் கஷ்டம், அப்பாவும் சித்தப்பாவும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் சுருளியாண்டி சித்தப்பாவின் நாய் வீரியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அது சுத்தக் கோம்பை இல்லப்பா, கலப்பு" என்று அப்பா ஊரறியச் சொல்லிவிட்டார். சித்தப்பா பாதி இலையில் எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இருவர் வீடும் என்னவோ கோம்பை ஊரில் எதிரெதிர்தான். சித்தப்பா தெருவில் போனால் அப்பா தன் நாயைப் பிடித்துக்கொள்வார். "பாத்தியா செவலை, சில பேரு மோட்டார நிப்பாட்டாமலே வந்துர்றாக." சித்தப்பா அதற்கு வீரியிடம் பதில் சொல்வார்.

மன்றத்திலும் இதே ஜாடைதான். 'சிலர் நாய்க்குக் கேப்பை கொடுக்கிறார்கள்' என்பார் அப்பா. 'சிலருக்குக் கேப்பையின் அருமை தெரியாது' என்பார் சித்தப்பா. நடுவில் யாராவது ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். சண்டை அதையும் தாண்டிப் போகும். ஒரே வரிசை என்பதால் யாரும் யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

கிளை வந்தால், அந்த ஆளின் பெயருக்குக் கீழே உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். 'சுருளியாண்டிக்குப் பதில்' என்று திரையிலேயே விழும். அப்பா அமுக்குவாரா? தலைகீழாக நின்றாலும் மாட்டார். அண்ணன் தம்பிக்குள் மிச்சம் இருப்பதே அந்த ஜாடை ஒன்றுதான். அதையும் நானே பிடுங்கவா?

13 ஜூன்

வாக்கெடுப்பு வைத்தேன். கிளைக்கே அதிகம். "எங்குட்டி ஓட்டையும் சேத்துக்க ஜோதி" என்றார் ஜெபராணி அக்கா.

14 ஜூன்

மாற்றிவிட்டேன். ஆண்டவா!

21 ஜூன்

மன்றம் பளிச்சென்று இருக்கிறது. வினோத்ராஜ் புது மாப்பிள்ளை மாதிரி திரிகிறான். அப்பா ஒரு வரி எழுதவில்லை. சித்தப்பாவும்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்பல்லாம் தெருவுலகூட நாய்கிட்டப் பேசுறதில்லத்தா. அங்கன எழுதுனதத்தான் இங்கன இழுத்துப் பேசுவாக. இப்ப அதுக்கும் வழியில்ல" என்றாள்.

நான்தான் கெடுத்தேனா? போயும் போயும் ஒரு பொத்தானாலா?

26 ஜூன்

சித்தப்பா எழுதியிருக்கிறார்! 'வீரிக்குத் தலை ஈத்து. நேற்றிலிருந்து தின்னவில்லை. மண்ணைப் பறித்துக்கொண்டே இருக்கிறது. டாக்டர் வெளியூர். யாராவது சொல்லுங்கள்.'

கீழே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டில் இருக்கிற என் அப்பா எத்தனை நாய்க்குப் பிரசவம் பார்த்தவர்!

மாலை: அப்பா தனியாக ஒரு தலைப்பு திறந்தார், 'பொதுவாகச் சொல்கிறேன்' என்று. வினோத்ராஜ் அதைப் பூட்டிவிட்டான். 'கேள்விக்குக் கீழே பதிலிடவும்' என்று அறிவிப்பு வேறு. படுபாவி!

அப்பா போன். "எவன்டி அவன் வினோத்ராஜு? ஒஞ்சித்தப்பன் பேருக்குக் கீழ போயி நான் எழுதணுமோ?"

"திறந்து விடட்டுமாப்பா?" என்றேன். சாவி என்னிடமும் இருக்கிறதே.

"வேணாம். நேத்துல இருந்தா திங்கல?" என்றார். "ஆமாப்பா." வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் விழுந்தது, 'சுருளியாண்டிக்குப் பதில்'.

'நல்ல கோம்பை தலை ஈத்துக்கு அப்படித்தான் செய்யும். பயப்படாதே. இருட்டு மூலையில் சாக்கு விரித்து விடு. ஆளைக் கூட்டாதே.'

நல்ல கோம்பை! அப்பாவா எழுதினார்? திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

27 ஜூன்

ஐந்து குட்டி. தாயும் சுகம் என்று சித்தப்பா போட்டிருக்கிறார். அதற்குக் கீழே அப்பா. அதற்குக் கீழே சித்தப்பா. அதற்குக் கீழே அப்பா.

3 ஜூலை

கிளையில் ஒரு தொல்லை. ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழும். இவர்களோ மூன்று வருடப் பேச்சையும் ஒரே கிளையில் கொட்டுகிறார்கள். போன் திரையில் இடம் தீர்ந்து, வரிக்கு ஓர் எழுத்தாக இறங்குகிறது. 'கேப்பை' மூன்று வரி.

"அக்கா, கிளைக்கு ஒரு எல்லை வைக்கணும். ரெண்டு பேரும் சேந்து மன்றத்தையே ஒரு பக்கமாச் சாச்சுப்புட்டாக" என்று வினோத்ராஜ் புலம்பினான்.

சாயட்டும் விடு என்றேன்.

6 ஜூலை

அப்பா போன். "ஏத்தா, எழுத்தெல்லாம் பொடலங்கா மாதிரி தொங்குது. அவன் என்ன எழுதிருக்கான்னே தெரியல."

"எல்லை வச்சா நேராயிரும்ப்பா. இப்பவே பண்றேன்."

"அட, வேணாம் விடுத்தா. நான் போயி நேர்லயே கேட்டுக்கிறேன்."

11 ஜூலை

அன்றிலிருந்து அந்தக் கிளையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. "என்னக்கா, மறுபடியும் சண்டையா?" என்று வினோத்ராஜ் செய்தி அனுப்பியிருந்தான். கொஞ்சம் பயந்துதான் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. பின்னால் இரண்டு ஆண்குரல், குட்டிக்குக் கேப்பையா கம்பா என்று ஒரே கத்தல்.

'ஆமாடா, சண்டைதான்' என்று வினோத்ராஜுக்கு எழுதினேன்.